பழைய வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றித் துண்டு பிரிப்பது எப்படி?

கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, விடிய விடிய நடந்த தெருக்கூத்து, ஊர்ச் சங்கக் கூட்டம் என்று 80களிலும் 90களிலும் வீடியோ எடுத்தவை பெரும்பாலும் விஎச்எஸ் கேசட்டில்தான் இருக்கின்றன. கேசட் பரணில் இருக்கும், போட்டுப் பார்க்க டெக் (விசிஆர்) இருக்காது. உலகத்திலேயே கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக்குகளும், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015லேயே, டேப்பில் இருப்பதையெல்லாம் 2025க்குள் மாற்றியாக வேண்டும் என்று எச்சரித்தது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டை ஓட்டிப் பிடிப்பது ஒரு வேலை, வெட்டிப் பிரிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்யவே கூடாது. "முக்கியமான இடம் மட்டும் போதும்" என்று டேப்பை அங்கங்கே ஓட்டிப் பிடிப்பவர்கள், ஆறு மாதம் கழித்து வேறு ஒரு இடம் தேவைப்படும்போது மறுபடி டேப்பை ஓட்ட வேண்டிவரும். அதற்குள் டெக் போயிருக்கலாம், டேப்பும் போயிருக்கலாம். முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக, தரம் குறைக்காமல் பிடித்து வைத்துவிட்டால் அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம். அந்த வெட்டுகிற வேலையில்தான் கணினி நமக்கு நிறையவே உதவும்.

கேசட்டைத் தேர்வது

எல்லா கேசட்டையும் ஒரு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணை பென்சிலிலோ ஒட்டுத்தாளிலோ கேசட்டின் முதுகிலேயே எழுதுங்கள். உறை மாறிப்போகும், கேசட் மாறாது. உறையில் உள்ள பழைய கையெழுத்தை ஒரு செல்போன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முதுகுப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் டெக்கில் தவறிப்போய் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவாகாது.

கல்யாண கேசட்டில் ஒரு வசதி உண்டு. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு பிரதியாவது கொடுத்திருப்பார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அடிக்கடி போட்டுப் பார்த்த கேசட் தேய்ந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் அத்தை வீட்டில் பிரிக்காமலே கிடந்த கேசட் பளிச்சென்று இருக்கலாம். பிரதிக்குப் பிரதி எடுத்ததாக இருந்தால் நிறம் வழிந்து, முகங்கள் மங்கியிருக்கும். எது மூலத்துக்கு நெருக்கமானது என்று கண்டுபிடித்து அதிலிருந்து எடுங்கள். "அதான் டிவிடி போட்டுவிட்டோமே" என்று யாராவது சொன்னாலும் கேசட்டைத் தேடுங்கள். டிவிடியில் படம் ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்டிருக்கும், அசைவுள்ள இடங்களில் கட்டம் கட்டமாக உடையும்.

வெளிநாட்டிலிருந்து வந்த கேசட்டுகளைத் தனியாக வையுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பெரும்பாலானவை பால் (PAL) என்ற டிவி முறை: நொடிக்கு 25 ஃப்ரேம் (தனிப் படம்), 625 வரி. கனடா, அமெரிக்காவில் என்டிஎஸ்சி (NTSC) முறை: நொடிக்கு 29.97 ஃப்ரேம், 525 வரி. டொராண்டோவில் எடுத்த பிறந்தநாள் கேசட்டை நம்மூர் டெக்கில் போட்டால், படமே வராமல் போகலாம், அல்லது கருப்பு வெள்ளையில் உருண்டு ஓடலாம். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முறையையும் ஓட்டக்கூடிய மல்டி சிஸ்டம் டெக் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நிறைய விற்றது, அங்கிருந்து வந்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பூஞ்சை பிடித்ததை டெக்கில் போடாதீர்கள்

சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்களில் இதுதான் பெரிய தலைவலி. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுருளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டு கருப்பாக, வழவழவென்று ஒரே சீராக இருக்க வேண்டும். வெள்ளையாகப் பூத்தது போலவோ, சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகவோ தெரிந்தால் அது பூஞ்சை.

டெக்குக்குள், டேப்பைப் படிக்கும் ஹெட்டுகள் பதித்த உருளையான ஹெட் டிரம் 62 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பால் டெக்கில் அது நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. அந்த வேகத்தில் பூஞ்சைத் தூள் ஹெட்டில் அப்பும், டேப்பைக் கீறும், அடுத்து நீங்கள் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை கேசட்டைத் தனிப் பையில் போட்டு மூடி, மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். கையாளும்போது முகக்கவசம் போடுங்கள். வெயிலில் காயவைப்பது, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். டேப்பைச் சுத்தம் செய்யும் கருவி வைத்திருப்பவர்களிடம் கொடுப்பதுதான் வழி. முக்கியமான கேசட் என்றால் அந்தச் செலவைச் செய்யலாம்.

நன்றாக இருக்கும் கேசட்டை ஒரு நாள் அறை வெப்பத்தில் வைத்திருந்து, டெக்கில் போட்டு, கடைசிவரை ஃபார்வர்ட் செய்து மறுபடி ரீவைண்ட் செய்யுங்கள். வருஷக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த டேப்பின் இறுக்கம் அப்போது சீராகும். ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ தயங்கித் தயங்கி ஓடினாலோ உடனே நிறுத்துங்கள்.

டெக்

காசை எதில் போடுவது என்று கேட்டால், டெக்கில் போடுங்கள் என்பேன். பிறகு வரும் எந்த மென்பொருளும், எந்தச் செயற்கை நுண்ணறிவும் டெக் தவறவிட்டதைத் திருப்பிக் கொடுக்காது. முகத்தைத் துலக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லும் செயலிகள், உங்கள் பாட்டியின் முகத்தில் வேறு யாரோ ஒருவரின் மூக்கையும் கண்ணையும் வரைந்து வைக்கும்.

எஸ்-விஎச்எஸ் டெக் கிடைத்தால் நல்லது. சாதாரண விஎச்எஸ் கேசட்டையும் அது ஓட்டும், எஸ்-வீடியோ கேபிள் வழியாக வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகத் தரும். அது கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நல்ல நிலையில் உள்ள சாதாரண டெக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை கேபிளும் போதும். ஆன்டெனா கேபிள் வழியாக மட்டும் எடுக்காதீர்கள்.

டெக்கின் மெனுவில் ஒரு விஷயத்தைத் தேடி நிறுத்துங்கள். சிக்னல் கொஞ்சம் பலவீனமானாலே பல டெக்குகள் படத்தை மறைத்து நீலத் திரையைக் காட்டும். அதை அணைத்துவிட்டால், மழை பெய்கிற மாதிரியாவது படம் தெரியும், அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதும் தெரியும்.

ஹெட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மேல்மூடியைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் குச்சியை டிரம் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். குச்சியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சு வேண்டாம், அதன் நூல் ஹெட்டில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. டேப் இழுபட்டிருப்பதாலும் சுழற்சியில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் இருப்பதாலும், படத்தின் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னேயும் பின்னேயும் தொடங்கும். உங்கள் கேசட்டில் மணமேடைத் தூணையோ கதவு நிலையையோ உற்றுப் பாருங்கள். நேராக நிற்க வேண்டிய தூண் நெளிந்தால், அல்லது படத்தின் மேல்பகுதி கொடி போல ஒரு பக்கம் சாய்ந்தால், டிபிசி தேவை. சில எஸ்-விஎச்எஸ் டெக்குகளில் அது உள்ளேயே இருக்கிறது. தனிக் கருவியாக வாங்கப்போனால் விலை மிரட்டும். அதற்கு ஒரு மாற்று வழி, பானசோனிக்கின் பழைய டிவிடி ரெக்கார்டர்களான டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்றவை. டெக்குக்கும் கணினிக்கும் நடுவே வைத்து, எதுவும் ரெக்கார்ட் செய்யாமல் சிக்னலை அதன் வழியாகக் கடத்திவிட்டாலே நெளிவு பெருமளவு அடங்கும்.

கணினிக்குள் பிடிப்பது

டெக்கின் படத்தைக் கணினிக்குள் கொண்டுவர, யூஎஸ்பியில் செருகும் கேப்சர் கருவிகளில் விலை மலிவானவை நிறைய இருக்கின்றன. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சுருக்காத படத்தை அப்படியே கணினிக்குத் தருகிறதா? தானே எம்பெக்காகவோ எச்.264 ஆகவோ சுருக்கித் தருகிற கருவி வேண்டாம். யூஎஸ்பி ஹப் வழியாக இல்லாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். கணினியின் உள் வட்டிலேயே சேமியுங்கள், நெட்வொர்க் வட்டில் வேண்டாம்.

விண்டோஸில் இதற்கு விர்ச்சுவல்டப்2 என்ற இலவச மென்பொருள் இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. அமைப்புகள் இவைதான். பால் கேசட்டுக்கு 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம். என்டிஎஸ்சிக்கு 720க்கு 480, 29.97. நிற வடிவம் ஒய்யுஒய்2. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத பிசிஎம். கருவியின் அமைப்பில் டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகளைச் சேர்ப்பது), இரைச்சல் நீக்கம், தானாக வெளிச்சம் கூட்டுவது என்று எது இருந்தாலும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். படத்தின் அடியில் ஒரு சில வரிகள் கிழிந்த மாதிரி ஓடும். டெக் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. பழைய டிவியின் விளிம்புக்குள் மறைந்திருந்ததால் நாம் பார்த்ததில்லை. மூலத்தில் அதை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

சுருக்காத பால் படம் நொடிக்குச் சுமார் 20.7 எம்பி, அதாவது மணிக்கு 75 ஜிபி பிடிக்கும். அவ்வளவு தேவையில்லை. ஹஃப்ஒய்யுவி, லாகரித் போன்ற இழப்பில்லாத சுருக்கம் இருக்கிறது. ஒரு புள்ளிகூட மாறாமல் இடத்தை ஏறக்குறைய பாதிக்குக் கொண்டுவரும். லாகரித் பயன்படுத்தினால் அதன் அமைப்பிலும் ஒய்யுஒய்2 என்றே வையுங்கள். ஒய்வி12 என்று வைத்தால் நிறத் தகவலில் பாதி போய்விடும். பிடித்து முடித்ததும் எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளை வழி இயங்கும் இலவச மென்பொருள் கொண்டு எஃப்எஃப்வி1 என்ற வடிவத்துக்கு மாற்றி, மட்ரோஸ்கா கோப்பாக வையுங்கள். இதுவும் இழப்பில்லாததுதான், ஆவணக்காப்பகங்கள் நம்பிப் பயன்படுத்துவது, 2021இல் இணையத் தரநிலை ஆவணமாகவும் வெளியானது. இழப்பில்லாத வடிவத்தில் மணிக்கு ஏறக்குறைய 25 முதல் 40 ஜிபி வரும். மூன்று மணி நேர கேசட் ஒன்றுக்கு 120 ஜிபி என்று கணக்குப் போட்டு வட்டு வாங்குங்கள்.

மாற்றும்போது மூன்று விஷயங்களைக் கோப்பில் பதித்துவிட வேண்டும். படம் 4:3 என்பது ஒன்று. இது இல்லாவிட்டால் எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள். இன்டர்லேஸ் படம், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு ஃபீல்டுகளாக வருவது என்பதும், எந்த ஃபீல்ட் முதலில் வருகிறது என்பதும் இரண்டாவது. விஎச்எஸ்ஸைப் பிடிக்கும்போது பெரும்பாலும் மேல் ஃபீல்ட் முதலில் வரும். மூன்றாவது, எஃப்எஃப்வி1இல் ஜிஓபி (ஒன்றையொன்று நம்பியிருக்கும் ஃப்ரேம் கூட்டம்) அளவை 1 என்று வைப்பது. ஒவ்வொரு ஃப்ரேமும் மற்றவற்றை நம்பாமல் தனித்து நிற்க இது வழி செய்கிறது. எந்த ஃப்ரேமிலும் தரம் இழக்காமல் வெட்ட முடிவது இதனால்தான். பின்னால் துண்டு பிரிக்கும்போது இதன் அருமை தெரியும்.

முதல் பத்து நிமிடத்தைச் சோதனைக்குப் பிடியுங்கள். விர்ச்சுவல்டப்பின் பக்கப் பட்டியில் விட்டுப்போன ஃப்ரேம்கள், புதிதாய்ச் சேர்த்த ஃப்ரேம்கள் என்று இரண்டு எண்கள் ஓடும். இரண்டும் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஏறிக்கொண்டே போனால் சத்தம் ஒரு பக்கமும் வாயசைவு ஒரு பக்கமும் போய்விடும். அப்போது டிபிசி, கேபிள், வட்டின் வேகம் என்ற வரிசையில் சரிபாருங்கள். சரியாக இருந்தால் கேசட்டை முதலிலிருந்து போட்டு, கடைசிவரை விடுங்கள். "இதற்கப்புறம் ஒன்றும் இல்லை" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். பத்து நிமிட வெற்று டேப்புக்கு அப்புறம் வேறொரு விழா, அதற்கு முன்னால் பதிந்து பாதி அழிந்த ஏதோ ஒன்று என்று வரும். பலமுறை பயன்படுத்திய கேசட்டுகளில் இது சாதாரணம்.

மினிடிவி கேசட் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. அதில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல். மஞ்சள் கேபிளில் எடுக்காமல், கேமராவின் ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக அப்படியே நகல் எடுங்கள், மணிக்கு 13 ஜிபி ஆகும். எடுத்த தேதியும் நேரமும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பதிந்திருக்கும் என்பதால், கேமராவை எங்கெல்லாம் நிறுத்தித் தொடங்கினார்களோ அங்கெல்லாம் மென்பொருளே சரியாகப் பிரித்துவிடும். இதில் கீழ் ஃபீல்ட்தான் முதலில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பார்ப்பதற்கு ஒரு பிரதி

மூலக் கோப்பு செல்போனில் ஓடாது, ஓட வேண்டியதும் இல்லை. ஹேண்ட்பிரேக் மென்பொருளில் அதைத் திறந்து, டீஇன்டர்லேஸில் பிவ்டிஃப் என்பதையும் அதற்குள் பாப் என்ற தெரிவையும் எடுத்து, பால் கேசட்டுக்கு நொடிக்கு 50 ஃப்ரேமாக (என்டிஎஸ்சிக்கு 59.94) எச்.264இல் ஒரு பிரதி செய்யுங்கள். 25ஆகச் செய்தால் நடனமும் நடையும் கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். 50இல் பழைய டிவியில் பார்த்த அதே வழுக்கல் கிடைக்கும். தானாக ஓரம் வெட்டும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இந்தப் பிரதியை வைத்துத்தான் இனிமேல் தேடுவதும் குறிப்பதும். குறித்த நேரங்களை மூலக் கோப்பில் வெட்டப் பயன்படுத்துவோம். ஃப்ரேம் எண் இரண்டிலும் வேறு வேறு என்பதால் எப்போதும் நொடிக் கணக்கிலேயே குறியுங்கள்.

துண்டுகளைத் தானாகப் பிரிப்பது

கட்டளை எழுதப் பயப்படுபவர்கள் லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். கருப்புத் திரை வரும் இடம், சத்தம் இல்லாத இடம், காட்சி மாறும் இடம் மூன்றையும் கண்டுபிடிக்கும் வசதி அதன் மெனுவில் இருக்கிறது. கண்டுபிடித்ததைத் தொடக்க நேரம், முடிவு நேரம், பெயர் என்ற மூன்று பத்தி கொண்ட சிஎஸ்வி பட்டியலாக வெளியே எடுக்கலாம், வேறு கோப்பில் உள்ளே போடலாம். இந்த மூன்று பத்திப் பட்டியல்தான் இந்த முழு வேலைக்கும் முதுகெலும்பு. மென்பொருள் நாளைக்கு மாறலாம், பட்டியல் இருந்தால் எதிலும் வெட்டலாம்.

கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி பழகியவர்களுக்கு பைசீன்டிடெக்ட் இன்னும் நல்லது. காட்சி மாற்றங்களைக் கண்டுபிடித்து, பட்டியலும் தந்து, ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று படங்களையும் எடுத்து வைக்கும். அதில் அடாப்டிவ் முறையில் தொடங்குங்கள். சுற்றியுள்ள ஃப்ரேம்களின் சராசரியோடு ஒப்பிடுவதால், கேமரா வேகமாகத் திரும்புவதைக் காட்சி மாற்றம் என்று அது அவ்வளவாக ஏமாறுவதில்லை.

ஆனால் இவையெல்லாம் சுத்தமான படங்களை மனதில் வைத்துச் செய்தவை. நம்முடைய கேசட்டுகளில் எங்கெங்கே சறுக்கும் என்று தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம்.

கருப்புத் திரை தேடலில் ஒன்றுமே அகப்படவில்லை என்றால், விஎச்எஸ்ஸின் கருப்பு உண்மையில் கருப்பு இல்லை, இரைச்சல் நிறைந்த சாம்பல் என்பதுதான் காரணம். அதோடு படத்தின் அடியில் அந்தக் கிழிந்த வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கின் பிளாக்டிடெக்ட், படத்தில் 98 சதவீதப் புள்ளிகள் கருப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அதை 90க்கு இறக்குங்கள், ஒரு புள்ளியைக் கருப்பு என்று எடுத்துக்கொள்ளும் எல்லையை 0.10இலிருந்து 0.15க்கு ஏற்றுங்கள். பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

கல்யாண கேசட்டில் சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வீடியோக்காரர் முழுக்க சினிமாப் பாட்டு ஏற்றியிருப்பார். சத்தம் அடங்குகிற இடமே இருக்காது, பாட்டு மாறுகிற இடத்துக்கும் காட்சி மாறுகிற இடத்துக்கும் சம்பந்தமும் இருக்காது. இதயம் விரிவது, ரோஜாப்பூ சுழல்வது, படம் புத்தகம் போலத் திரும்புவது என்று மிக்ஸரில் செய்த மாற்றங்களில் படம் ஒரு நொடிக்கு மேல் மெதுவாக மாறுவதால் மென்பொருள் பலதைத் தவறவிடும். இதற்கு உணர்வெல்லையை (எவ்வளவு மாறினால் காட்சி மாற்றம் என்று கொள்ளும் அளவை) கொஞ்சம் இறக்கி வைத்து, அதிகமாகவே வெட்டவிட்டு, அப்புறம் சேர்ப்பதுதான் சுலபம். சேர்ப்பது ஒரு சொடுக்கு, விட்டுப்போனதைத் தேடுவது அரை மணி நேரம்.

இன்னொன்று கேமரா ஃபிளாஷ். புகைப்படக்காரர் ஒவ்வொரு தடவை சொடுக்கும்போதும் வீடியோவில் ஓரிரு ஃப்ரேம் வெள்ளையடிக்கும். மென்பொருள் அதைக் காட்சி மாற்றம் என்று எண்ணி, ஒரே காட்சியைத் துண்டு துண்டாக்கும். குறைந்தபட்சக் காட்சி நீளத்தை இரண்டு நொடி என்று வைத்தால் இது அடங்கும்.

ஆனால் இந்த ஃபிளாஷ்களை வீணாக்காதீர்கள். கல்யாணத்தில் ஃபிளாஷ் எப்போது சரமாரியாக அடிக்கும்? தாலி கட்டும்போது, மாலை மாற்றும்போது, குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது. ஒவ்வொரு ஃப்ரேமின் சராசரி வெளிச்சத்தையும் கணக்கிட்டு, ஓரிரு ஃப்ரேம் மட்டும் திடீரென்று எகிறி உடனே இறங்கும் இடங்களை எண்ணச் சொல்லி ஒரு சின்ன பைத்தான் நிரல் போதும். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி நிரல் நூலகம் இருந்தால் சில வரிகளில் முடியும். பத்து நொடிக்குள் ஐந்தாறு ஃபிளாஷ் குவிந்த இடங்களைப் பட்டியலிட்டால், மூன்று மணி நேர கேசட்டில் எல்லாரும் தேடுகிற தருணங்கள் அந்தப் பட்டியலில் வந்து நிற்கும். பாட்டு ஏற்றாத கேசட்டாக இருந்தால் சத்தத்தையும் துணைக்குக் கூப்பிடலாம். நொடிக்கு நொடி ஒலியளவைக் கணக்கிட்டு உச்சத்தில் நீண்டு நிற்கும் இடத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் கெட்டிமேளம்.

நொடிக்கு ஒன்று இரண்டு என்று காட்சி மாற்றங்கள் குவிந்து கிடக்கும் பகுதி இருந்தால் அது வெற்று டேப்பின் புள்ளி மழை. அதை ஒரே துண்டாக்கி, வெற்று என்று குறித்துவிடுங்கள்.

கூத்து, கச்சேரி, பட்டிமன்றம் போன்றவற்றில் நிலைமை நேர் எதிர். ஒரே கேமரா, ஒரே இடம், மணிக்கணக்காக வெட்டே கிடையாது. காட்சி மாற்றத் தேடல் அங்கே உதவாது. ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பட்டியல் மட்டும் போட்டுக்கொண்டு, கூத்து தெரிந்த ஒருவரை அருகில் உட்காரவைத்துக் கட்டியங்காரன் வரவு, ராஜா வேஷம், சண்டைக் கட்டம் என்று எல்லைகளை நகர்த்தச் சொல்லுங்கள்.

பட்டியல் தயாரானதும் வெட்டுவது நிரலின் வேலை. பைத்தான் நிரல் பட்டியலை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் எஃப்எஃப்எம்பெக்கை அழைத்து, அந்தத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மூலக் கோப்பிலிருந்து மறு சுருக்கம் இல்லாமல் நகல் எடுக்க வேண்டும். ஜிஓபி 1 என்று வைத்ததன் பலன் இங்கேதான். எச்.264 பிரதியில் இப்படி நகல் எடுத்தால் அருகில் முழுதாகப் பதிந்துள்ள முக்கிய ஃப்ரேமுக்குத்தான் வெட்டு போகும், சில நொடி முன்னதாகத் தொடங்கிவிடும். எஃப்எஃப்வி1 மூலத்தில் கேட்ட ஃப்ரேமிலேயே வெட்டும். துண்டின் கோப்புப் பெயரில் கேசட் எண்ணும் தொடக்க நேரமும் இருக்கட்டும், அதுவும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும். தமிழ்ப் பெயரையும் விவரத்தையும் பட்டியலில் நான்காவது பத்தியாக வைத்துக்கொண்டால் எந்த நிரலும் தடுமாறாது.

பேச்சை வைத்துத் தேடுவது

மேடைப் பேச்சு, நேர்காணல், வாழ்த்துரை உள்ள கேசட்டுகளுக்கு விஸ்பர் என்ற பேச்சுணரி உதவும். 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்டது. இணையம் இல்லாமல் உங்கள் கணினியிலேயே ஓடும், தமிழும் எழுதும். ஒவ்வொரு வரிக்கும் நேரத்தோடு எஸ்ஆர்டி என்ற வசன வரிக் கோப்பாகத் தரும். மைக்கில் நிதானமாகப் பேசியதை ஓரளவு நன்றாகவே எழுதுகிறது. பந்தி இரைச்சலிலும் மேளத்திலும் திணறும், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதித் தள்ளும். பேச்சு இருக்கும் இடத்தை மட்டும் வடிகட்டி அனுப்பும் வசதி, விஸ்பரின் வேகமான வடிவமான ஃபாஸ்டர்-விஸ்பரில் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

இதை வசன வரியாகப் போடாதீர்கள், தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேடும்போது முழுச் சொல்லைத் தேடினால் பாதி தப்பிவிடும். "குளம்" என்று தேடினால் "குளத்துக்கரை" வராது, "குள" என்று தேடுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர்களை விஸ்பர் தன் போக்கில் எழுதும், இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும். கிடைத்த நேரத்துக்குப் பத்து நொடி முன்னும் இருபது நொடி பின்னும் சேர்த்துப் பட்டியலில் ஒரு வரியாகப் போட்டால், அதே வெட்டும் நிரல் துண்டாக்கிக் கொடுத்துவிடும்.

பெயர் எழுதுவது

இந்த ஒரு வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க முடியாது, ஒத்திப்போடவும் முடியாது. பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

செல்போனில் மூன்று மணி நேர வீடியோவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் பெரியவர்களுக்குக் கண் வலிக்கும். அதற்குப் பதிலாக 30 நொடிக்கு ஒரு படம் என்று எஃப்எஃப்எம்பெக்கில் எடுத்து, பக்கத்துக்கு 30 படமாக, ஒவ்வொன்றுக்கும் கீழே நேரத்தோடு அச்சிடுங்கள். மூன்று மணி நேர கேசட்டுக்கு 360 படம், 12 பக்கம்தான். பேனாவோடு கொடுத்துவிட்டு அருகில் உட்காருங்கள், செல்போனில் ஒலிப்பதிவையும் போட்டு வையுங்கள். "இது உங்க சின்னத் தாத்தா, அந்த வருஷம்தான் மிலிட்டரியிலிருந்து வந்தார்" என்று பேச்சோடு பேச்சாக வருவதெல்லாம் காகிதத்தில் ஏறாது. அப்புறம் அந்தப் பெயர்களைப் பட்டியலின் அந்தந்த நேரத்துக்கு நேராகத் தட்டச்சு செய்யுங்கள்.

வைப்பதும் பகிர்வதும்

மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். மூலக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பு கொஞ்சம் மாறினாலும் தானும் மாறும் எண்) எடுத்து அதே கோப்புறையில் எழுத்துக் கோப்பாக வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வட்டைச் செருகி அந்த எண்ணை ஒத்துப் பாருங்கள். கேசட்டை எறியாதீர்கள். முழுக்க ரீவைண்ட் செய்து, அலமாரியில் புத்தகம் போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். டேப்பின் காந்த சிக்னலையே நேரடியாகப் பிடித்து மென்பொருளால் படமாக்கும் விஎச்எஸ்-டிகோட் போன்ற திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இன்று எடுத்ததைவிட நல்ல படம் அதே கேசட்டிலிருந்து பின்னொரு நாள் கிடைக்கலாம்.

யூடியூபில் போடுவதாக இருந்தால், பின்னணியில் உள்ள சினிமாப் பாட்டுக்கு உரிமை கோரல் வரும், சில நேரம் வீடியோவே முடங்கும். மூலத்தின் ஒலியை அப்படியே விட்டுவிட்டு, பொதுவில் போடும் பிரதியில் மட்டும் பாட்டை எடுத்துவிடுங்கள். கேசட்டில் இருப்பவர்கள் யாரும் இணையத்தில் வரச் சம்மதித்து அன்று கேமரா முன் நிற்கவில்லை. பிரிந்துபோன தம்பதிகள் இருப்பார்கள், குழந்தையாகக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் இன்று வேலைக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். குடும்பக் குழுவில் துண்டுகளை முதலில் பகிர்ந்து, யாருக்கு எது வேண்டாமோ கேட்டு, பட்டியலில் ஐந்தாவது பத்தியாக "பொதுவில் போடலாம்", "வீட்டுக்குள் மட்டும்" என்று குறித்துக்கொள்ளுங்கள். நிரலும் அந்தப் பத்தியைப் படித்து, போடலாம் என்று குறித்தவற்றுக்கு மட்டும் பொதுப் பிரதி தயாரிக்கட்டும்.